பக்கத்து வீட்டு நாயின் ஆன்மா

கிறிஸ்தவ இறையியலில் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, என் கணவர் படகு எஞ்சின் ஒன்றைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார். குருநகர்க் கரையில் எஞ்சின் திருத்துவதுதான் அவருடைய தொழில். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "படிச்சு முடிச்சால் நீர் பூசை வைக்கலாமோ?" என்று கேட்டார்.

"இல்லை. பொம்பிளையள் வைக்கேலாது."

"பாவசங்கீர்த்தனம் கேக்கலாமோ?"

"அதுவும் ஏலாது."

"அப்ப என்னத்துக்கு?"

நான் பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறவள். வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்கு நிறுவல் சொல்லிக்கொடுத்து, கடவுளையும் அப்படி நிறுவலாமா என்று பார்க்கும் ஆசை வந்திருந்தது. அதைச் சொன்னால் சிரிப்பார் என்று "சும்மாதான்" என்றேன். அதற்கும் சிரித்தார்.

வகுப்பு சனிக்கிழமைகளில் நல்லூர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டில் நடந்தது. சுவருக்கு அப்பால் ரியூசன் நிலையம். அங்கே இரசாயனவியல் படிப்பிக்கிறவர் மைக்கில்தான் பேசுவார். எங்கள் விரிவுரையாளர் மெல்லிய குரல் கொண்ட ஒரு பாதர். 'இருப்பு என்றால் என்ன?' என்று கேட்டுவிட்டு, நாங்கள் சிந்திக்கட்டும் என்று அவர் மௌனமாகும் இடத்தில், "இது சோதினைக்குக் கட்டாயம் வரும்" என்று சுவர் பதில் சொல்லும்.

நாங்கள் சிலபேர்தான். மற்றவர்கள் பாதர் சொல்வதை எழுதிக்கொள்வார்கள். வாய் திறப்பவர்கள் ஒரு சிஸ்ரரும் ஒரு மாஸ்ரரும். சிஸ்ரர் சிறுவர் இல்லம் ஒன்றை நடத்துகிற கன்னியாஸ்திரி. வேலைக் களைப்பில் பாதி வகுப்பில் கண் மூடியிருப்பார், ஆனால் ஒன்றையும் தவறவிட மாட்டார். மாஸ்ரர் இந்து நாகரிகம் படிப்பித்து ஓய்வுபெற்ற சைவர். மருதனார்மடத்து ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறையத் திருநீறும் கையில் வடையுமாக வருவார். ஏன் இங்கே சேர்ந்தீர்கள் என்று முதல்நாளே பாதர் கேட்டார்.

"எதிர்ப்பக்கத்து வாதத்தை முழுசாய்க் கேக்காமல் என்னெண்டு பாதர் மறுக்கிறது?"

கடவுள் இருப்பதற்கான நிறுவல்கள் பற்றிய முதல் பரீட்சையில் அவர்தான் கூடிய புள்ளி. பாதர் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது கவலையோடு சொன்னார். "நம்புறவை எல்லாரும் குறைவாய் எடுத்திருக்கினம்."

அடுத்ததாக ஆன்மா பற்றிப் படித்தோம். நடுக்காலத்து மெய்யியலாளர்கள் அதை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். செடிக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று. முதல் இரண்டும் உடலோடு அழிந்துவிடும், மூன்றாவதுதான் நிலைக்கும். கேத்திரகணிதத் தேற்றம் போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய அந்த வாதம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ரசித்து ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். அந்தக் கிழமையே பக்கத்து வீட்டு நாய் செத்தது.

பக்கத்து வீட்டு அன்ரி தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை, மகன்மார் இருவரும் சுவிஸில். நாய்தான் துணை. மாலையில் அவர் செபமாலை சொல்லும்போது அது வாசலில் படுத்திருக்கும். கடைசி ஆமென் கேட்டதும் எழும்பித் தன் சோற்றுக் கோப்பையடிக்குப் போய்விடும். நடுவில் வரும் ஆமென்களுக்கு அசையாது. பாடசாலையில் என் வகுப்பில் பலருக்கு அந்த அளவு நுட்பம் கிடையாது.

எலுமிச்சை மரத்தடியில் என் கணவர் குழி வெட்டினார். அன்ரி, மகன் அனுப்பிய நல்ல விரிப்பில் நாயைச் சுற்றி வைத்திருந்தார். அழவில்லை. மண் மூடி முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீ உதுகளைத்தானே படிக்கிறாய். அவன் மோட்சத்துக்குப் போவானோ?"

என் கணவர் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். என் படிப்பில் அவர் அக்கறை காட்டியது அதுதான் முதல் தடவை. 'விலங்கின் ஆன்மா உடலோடு அழிகிறது' என்று நான் எழுதிய வசனம் நினைவுக்கு வந்தது. எழுதும்போது அது எவ்வளவு அழகாக இருந்தது. அன்ரியின் முகத்தைப் பார்த்தேன்.

"பாத்துச் சொல்லுறன் அன்ரி" என்றேன், கந்தோரில் ஃபைலைக் காணாத கிளார்க்கைப் போல.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார். "உமக்கு உண்மையிலை தெரியாதோ?"

"தெரியும். அதுதான் பிரச்சினை."

சனிக்கிழமை நான் அந்தக் கேள்வியை வகுப்பில் வைத்தேன். பாதர் யோசித்துவிட்டு, "உங்கடை கட்டுரையிலை எழுதினது சரி" என்றார்.

"அதை அன்ரிக்குச் சொல்லலாமோ, பாதர்?"

"சொல்லக்கூடாது."

"அப்ப பொய் சொல்லலாமோ?"

"அதுவும் கூடாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒழுக்கவியல் அடுத்த தவணைதானே வருகுது."

மாஸ்ரர் வடைப் பொட்டலத்தைப் பிரித்தார். "எங்கடை பக்கத்திலை உது ஒரு பிரச்சினையே இல்லை. அது இப்ப வேறை பிறவி எடுக்கப் போயிருக்கும்."

சிஸ்ரர் கண்ணைத் திறந்தார். "அந்த நாய் எப்பிடிப்பட்ட நாயெண்டு அவவைக் கேட்டனீங்களோ?"

நான் கேட்கவில்லை. ஆமென் கதை எனக்கு வேலியால் தெரிந்ததுதான். அதைச் சொன்னேன். உடனே எல்லோருக்கும் ஒரு நாய் நினைவுக்கு வந்துவிட்டது. குருமடத்தில் நீண்ட பிரசங்கம் நடந்தால் எழும்பி வெளியே போய்விடும் ஒரு நாயைப் பற்றிப் பாதரே சொன்னார். அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை.

ஸ்கூட்டியில் திரும்பும்போது பொய்யும் இல்லாத, காயமும் படுத்தாத ஒரு வசனத்தைத் தேடினேன். வீட்டை நெருங்கும்போது அது கிடைத்தது: 'கடவுள் அன்போடு படைத்த எதையும் அவர் மறப்பதில்லை.' அதில் எந்த மெய்யியலாளரும் பிழை பிடிக்க முடியாது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்ரியின் படலையைத் திறந்தேன். உள்ளே ஏதோ குரைத்தது. மண்ணிறக் குட்டி ஒன்று அவருடைய செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது.

"கொடிகாமத்திலை தங்கச்சி வீட்டை போனனான்" என்றார் அன்ரி. "அங்கை சந்தையிலை இது என்ரை செருப்பைக் கவ்விக்கொண்டு விடேல்லை. அவனும் வந்த நாளிலை உப்பிடித்தான். பின்வளவு வீட்டுக்காரி சொன்னவ, அவன் திரும்பிப் பிறப்பானெண்டு. அவை சைவக்காரர், அவைக்கு உது தெரியும்."

"அன்ரி, அவன் செத்து ஒரு கிழமைதானே. இது ஒரு மாசக் குட்டி."

"உன்ரை கணக்கை விடு பிள்ளை."

"நாங்கள் வேதக்காரரெல்லே. எங்களுக்கு மறுபிறவி இல்லை."

"நான் வேதக்காரிதான். எனக்கு மோட்சம் போதும்." குட்டியின் வாயிலிருந்து செருப்பை இழுத்தார். "நாய் என்ன சமயமெண்டு ஆர் கேட்டது?"

இரண்டு வருடப் பாடத்திட்டத்தில் அந்தக் கேள்வி எங்கும் இல்லை.

குட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு அவரே, "நீ பாத்துச் சொல்லுறனெண்டனீ. என்ன சொல்லுகினம்?" என்று கேட்டார். என் வசனத்தைச் சொன்னேன். அன்ரி குட்டியைத் தடவுவதை நிறுத்தினார். எலுமிச்சை மரத்தடியைப் பார்த்தபடி இருந்தார். பிறகு நைற்றியின் நுனியால் கண்ணைத் துடைத்தார். குழி மூடிய நாளில் வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

"அதுவும் நல்லாயிருக்கு" என்றார். "அதையும் வைச்சுக்கொள்ளுறன்."

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். மாஸ்ரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "ஒரு மாசக் குட்டியெண்டால் எங்கடை கணக்கிலையும் ஒத்துவராது" என்றார். பாதர் மகிழ்ந்துபோனார். இருவரும் ஒரு விஷயத்தில் உடன்பட்டது அன்றைக்குத்தான்.

"ஒருதரும் உதை அவவுக்குச் சொல்லப் போயிடாதேங்கோ" என்றார் சிஸ்ரர், கண்ணைத் திறக்காமலே.