வெங்காயத்தோல் நிற ஏரி

என் மனைவி இறந்து ஓராண்டு நிறைவதற்கு முன்னரே நான் மகளுடன் டாக்காருக்குப் போனேன். துக்க வீட்டார் ஊர் சுற்றிப் பார்க்கப் போவது எங்கள் ஆட்களிடையே நல்ல பெயர் வாங்கித் தருவதில்லை. நாங்கள் வாழும் கொலோனில் சிலர் அதை என் காதுபடவே பேசினார்கள்.

ஓராண்டு நிறைவில் செய்யும் ஆட்டைத் திவசத்துக்கு வருவோரின் கையில் ஒரு நினைவு மலரைக் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். அதில் மனைவியின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னுடையது. மணமான பின் நான் உடன் இல்லாத பகுதி ஒன்றுதான். நான் முதலில் ஜேர்மனிக்கு வந்துவிட, அவர் பின்னால் புறப்பட்டு, காசு வாங்கி ஆட்களைக் களவாக நாடு கடத்திவிடும் ஏஜென்சிக்காரன் அடுத்த விமானத்துக்கு வழி செய்யும்வரை டாக்கார் என்ற அந்த ஆபிரிக்கக் கடற்கரை நகரில் காத்திருந்த மாதங்கள் அவை.

அந்த மாதங்களைப் பற்றி அவர் நிறையச் சொல்லியிருக்கிறார். மகளுக்குச் சோறூட்டும்போது தொடங்கிய கதைகள், மகள் பல்கலைக்கழகம் போன பிறகும் சாப்பாட்டு மேசையில் தொடர்ந்தன. இரட்டைக் குன்றுகளில் ஒன்றின் மேல் வெள்ளைக் கலங்கரை விளக்கம். அடிமைகளைக் கப்பலேற்றிய தீவு, அங்கே கடலைப் பார்த்துத் திறக்கும் ஒரு வாசல். எங்கள் ஊர் வெங்காயத்தின் இளஞ்சிவப்புத் தோல் நிறத்தில் ஓர் ஏரி, அதில் உப்புக் குவித்த வள்ளங்கள். அவர் பார்த்தவற்றை நானும் பார்த்து, பிழையின்றி எழுத விரும்பினேன். மகளுக்கு, அம்மா நின்ற இடத்தில் தானும் நிற்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

தீவுக்குப் படகேறும் துறைமுகத்தில் கடவுச்சீட்டைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தபோது எனக்குள் ஏதோ இடறியது. அவருடைய கடவுச்சீட்டு அந்நாளில் ஏஜென்சிக்காரனிடம் அல்லவா இருந்தது? ரைன் ஆற்றில் குடும்பமாகப் படகேறிய நாளிலும், தலை சுற்றும் என்று கரையிலேயே நின்றுவிட்டவர் அவர். மகளிடம் நான் இதைச் சொல்லவில்லை.

தீவில் அடிமைகளை அடைத்துவைத்திருந்த வீட்டில் வளைந்து ஏறும் இரண்டு படிக்கட்டுகளுக்கு நடுவே இருண்ட வழி ஒன்று செல்கிறது. அதன் முடிவில் வாசல். வாசல் நிறையக் கடல். வழிகாட்டி, பிள்ளைகளைத் தனியே அடைத்துவைத்த அறையைக் காட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அத்தனை பேரின் இழப்பு நிறைந்த இடத்தில் என் ஒருவனின் இழப்பைத் தேடி நிற்பது முறையாகப் படவில்லை. மகள் வாசற்கல்லில் கை வைத்தாள்.

"அம்மா இதிலைதானே நிண்டவா, அப்பா? ஒரு படம் எடுங்கோ."

எடுத்தேன்.

ஏரி சாம்பல் நிறமாகக் கிடந்தது. மழைவெள்ளம் புகுந்து நிறம் போய்விட்டது என்றும், சில காலங்களில் திரும்பி வரும் என்றும் சாரதி சொன்னார். கைபேசியிலேயே படத்தின் நிறத்தை மாற்றிவிடலாம் என்றாள் மகள். வேண்டாம் என்றேன். இல்லாததை அச்சில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை.

திரும்பி வந்து எழுதியதை, டாக்காரில் என் மனைவியுடன் ஒரே அறையில் தங்கியிருந்த, அவரை அக்கா என்று அழைத்த பெண்மணி ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் இப்போது கொலோனில் இருக்கிறார். கடைசி வரி வரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"குறை நினையாதேங்கோ, அண்ணை. நாங்கள் ஒருநாளும் வெளியிலை போகேல்லை."

ஏஜென்சிக்காரன் சாப்பாட்டை வைத்துவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவானாம். யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அறைக்குள் முந்திய ஆண்டின் கலண்டர் ஒன்று தொங்கியது. மாதத்துக்கு ஒரு படம், எல்லாம் அந்த நகரத்தைப் பார்க்க வருவோருக்கான இடங்கள்: தீவு, கலங்கரை விளக்கம், ஏரி.

"பின்னேரத்திலை அக்கா தாளைத் திருப்பிப்போட்டு, 'வெளிக்கிடுங்கோ பிள்ளையள், வள்ளம் வந்திட்டுது' எண்டுவா. ஒருத்தி, செருப்பு அறுந்துபோச்சு, நான் வரேல்லை எண்டுவாள். 'அப்ப நீ இருந்து கதவைப் பூட்டு' எண்டு அக்கா பகிடி விடுவா."

சொல்லிச் சிரித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கடலையாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். சத்தம் மட்டும் கேட்கும் என்றார்.

அன்று மாலை மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"உங்களுக்கும் சொல்லேல்லையோ, அப்பா?"

"இல்லை."

அந்த அறையில் நடந்த எதை மறைக்க என் மனைவி இத்தனை ஆண்டுகள் எங்களுக்கும் அந்தத் தாள்களைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்? அல்லது மறைக்க எதுவுமே இல்லையா? அந்தப் பெண்மணியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவர் பார்த்த இடங்கள் என்று நான் எழுதியிருந்த பக்கத்தை நீக்கினேன். அதற்குப் பதிலாக ஒரு வரி: "டாக்காரில் தம்முடன் இருந்த பெண்களை அவர் தீவுக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் ஏரிக்கும் அழைத்துச் சென்றார்." படங்கள் எதையும் சேர்க்கவில்லை.

ஆட்டைத் திவசத்தன்று அந்தப் பெண்மணி மலரை வாங்கி, நின்றபடியே அந்த வரியைத் தேடிப் படித்தார். பிறகு மண்டப வாசலில் என்னிடம் வந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"அண்ணை, அந்த ஏரி உண்மையிலை அந்த நிறமோ?"

"ஓம்," என்றேன். "வெங்காயத்தோல் நிறந்தான்."