சித்தி மிதித்த கல்

கனடாவில், மொன்றியலில் நடந்த சித்தியின் கலியாணத்துக்கு மிதிக்க அம்மி கிடைக்கவில்லை. மணவறைக்காரர் கொண்டுவந்து காட்டியது கறுப்பு வர்ணம் பூசிய மரக்கட்டை. அம்மா அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, தன் தங்கை கட்டையில் கால் வைத்துக் குடித்தனம் தொடங்கமாட்டாள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அப்போதுதான் மாமாவின் ஞாபகம் வந்தது.

அம்மாவின் தம்பியான மாமா, மொன்றியலுக்குத் தெற்கே அமெரிக்க எல்லையோடு ஒட்டிக்கிடந்த ஓர் ஊரில் கருங்கல் ஆலையில் வேலை செய்தார். சேர்ந்து அதிக காலமில்லை. ஆனாலும் அந்த ஊரைத் தானே கட்டியதுபோலக் கதைப்பார். ஆலைக்குப் பின்னால் கழிவுக்கல் மலைபோலக் கிடக்கிறது, வந்து அள்ளிக்கொண்டு போங்கள் என்றார்.

அப்பாதான் தயங்கினார். எங்கள் அகதி வழக்கு அப்போது முடியவில்லை.

"எல்லை தாண்டினால் கேஸ் முடிஞ்சுது. பேந்து ஊருக்குத்தான் பிளேன் ஏத்துவாங்கள்" என்றார். பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவள் என்பதால் என்னை முன் இருக்கையில் வைத்து வழிப்பலகைகளைப் படிக்கச் சொன்னார். எனக்கு ஒன்பது வயது. ஒரு பலகையைத் தவறவிட்டால் என் குடும்பமே நாடு கடத்தப்படும் என்று நம்பிக்கொண்டு, கண்ணை இமைக்காமல் போனேன்.

மாமா ஊரைச் சுற்றிக் காட்டினார். தேவாலயம், வங்கி, நடைபாதை ஓரம், எல்லாம் அந்த மண்ணில் வெட்டிய சாம்பல் நிறக் கல். ஒரு பழைய வீட்டைக் காட்டி, முன்கதவு கனடாவிலும் பின்கதவு அமெரிக்காவிலும் இருந்ததாம், அமெரிக்காவில் சாராயத்தைத் தடைசெய்த காலத்தில் கடத்தல்காரருக்கு நல்ல வசதி என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

ஆலையின் பின்வளவில் அம்மா கல்லுக் கல்லாகத் தட்டிக்கொண்டு போனார். ஒன்றும் மனதுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் தூரத்தில் புல்லுக்குள் தனியாகக் கிடந்த ஒன்றைக் கண்டு, "அந்தா, அதுதான்" என்றார். அப்பா நேரே அதை நோக்கி நடந்தார். போகும் வழியில் இடுப்புயரத்தில் ஒரு கல்தூண் நின்றது. அதன் ஒரு முகத்தில் கனடா என்றும் மறு முகத்தில் அமெரிக்கா என்றும் வெட்டியிருந்தது. நான் அதை வாசித்து முடிப்பதற்குள் அப்பா அந்தப் பக்கம் போய்விட்டார். கூப்பிட்டால் யாருக்காவது கேட்டுவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

திரும்பி வரும்போது பின்னால் வந்த ஒவ்வொரு காரும் எனக்குப் பொலிஸ் கார்தான். அதன் பிறகு மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு மாடிப் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்ப்பேன். அம்மா மஞ்சள் பூசிக் குளியலறையில் வைத்திருந்த கல்லை நான் துவாயால் மூடி வைத்தேன். யாராவது வந்து பார்த்தால் அமெரிக்கக் கல் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா? அம்மா துவாயை எடுத்து, "என்ன பிள்ளை, கல்லுக்குக் குளிருதோ?" என்று ஏசினார்.

கலியாணத்தன்று அப்பாதான் கல்லை மணவறைக்குத் தூக்கி வந்தார். சித்தி கால் வைத்தார். மேளம் கொட்டியது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, அண்டைக்கு நீங்கள் அமெரிக்காவுக்குள்ள போயிட்டியள்."

அப்பா சபையைப் பார்த்தபடியே குனிந்தார்.

"ஓம், தெரியும். அம்மாவுக்குச் சொல்லாதை."

தெரிந்தும் ஏன் போனார் என்று பல வருடங்கள் யோசித்தேன். அதற்கு முன் அப்பா கடந்த ஒவ்வொரு எல்லையிலும் யாரிடமாவது கெஞ்சியிருக்கிறார், ஒளிந்திருக்கிறார், கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். யாரையும் கேளாமல் ஒரு நாட்டுக்குப் போய், தனக்கு விருப்பமான நேரத்தில் திரும்பி வந்தது அந்த ஒருமுறைதான். அவர் அங்கே இடுப்பில் கை வைத்து நின்றதை, முதுகு வலியென்றுதான் நான் நினைத்திருந்தேன்.