தறிக்கூடத்துப் பேச்சு

எங்கள் அக்காவின் வாய் சும்மா இருக்காது. ஆனால் சத்தம்தான் வராது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே விசைத்தறிக் கூடத்தில் வேலை. அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அதனால் உதட்டை மட்டும் அசைப்பார்கள். மிச்சத்தை விரல் சொல்லும். அத்தானும் அதே கூடம்தான். அவர்கள் காதலித்தது, சண்டை போட்டது எல்லாமே அப்படித்தான். வீட்டிலும் பழக்கம் விடவில்லை. விருந்தாளியை நடுவில் உட்கார வைத்துக்கொண்டே அவரைப் பற்றி வம்பளப்பார்கள். எனக்கும் அது புரியும். சிரிப்பை அடக்குவதற்குள் உயிர் போய்விடும்.

அன்றைக்கு அக்கா மகளைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். பையனும் அவளும் ஏற்கெனவே விரும்பியவர்கள். பையனின் அம்மா சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை.

அந்த அம்மாளோ பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருந்தார். அக்கா எதைக் கேட்டாலும் ஒரு தலையசைப்பு. அதுவும் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல்.

அக்கா, எதிரே இருந்த அத்தானைப் பார்த்து உதட்டை அசைத்தாள். "திமிரப் பாத்தீங்களா? வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமாம்."

அத்தானின் விரல் ஆடியது. "சும்மா இரு. காரியம் கெட்டுடும்."

"ராத்திரி பூரா அழுதிருக்கா நம்ம பொண்ணு. இவங்க வேணாம்னுட்டா உடைஞ்சு போயிடுவா. கால்ல விழணும்னாலும் விழுந்துடுவேன்."

அந்த அம்மாளின் கண் அக்காவின் உதட்டை விட்டு நகரவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அக்காவை முழங்கையால் இடித்தேன். என்னைத் தள்ளிவிட்டாள்.

அந்த அம்மாள் மெதுவாகக் கையைத் தூக்கினார். சத்தமில்லாமல் உதடு அசைந்தது. கூடவே விரல்கள் ஓடின.

"நானும் தறிதாங்க. காது ரெண்டும் அங்கேயே போயிடுச்சு. வாய்விட்டுப் பேசினா எனக்குப் பிடிபடாது, தறிப் பேச்சுன்னா புரிஞ்சுடும். சொல்லக் கூச்சமா இருந்தது, பையனையும் சொல்ல விடல, அதான் வாயத் திறக்கல. கால்ல எல்லாம் விழ வேணாம். பொண்ணை எங்களுக்குக் குடுங்க."

அக்காவின் முகத்தில் வெட்கம், பயம், சிரிப்பு எல்லாம் ஒன்றாக வந்தன. ஓடிப்போய் அந்த அம்மாளின் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். எந்தக் கூடம், எத்தனை தறி, மேஸ்திரி யார் என்று நான்கு கைகளும் பறந்தன. நடுவில் அத்தானும் புகுந்துகொண்டார்.

கதவோரம் நின்ற அக்கா மகளுக்கு அக்கா, அத்தான் முதுகும் ஆடும் கைகளும்தான் தெரிந்தன. சண்டை என்றே நினைத்துவிட்டாள். பாவம், பதறிப்போய்க் கேட்டாள்.

"அம்மா, என்னம்மா சொல்றாங்க?"

அக்கா திரும்பக்கூட இல்லை.

"கல்யாணம் முடிவாயிடுச்சுடி. குறுக்க பேசாம இரு, நாங்க பேசிக்கிட்டிருக்கோம்ல."