மாமா கொடுத்த சீர்

சின்னவர்களே, உங்கள் தாய்மாமன் வந்தால் எழுந்து நில்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், கால் தொட்டுக் கும்பிடுங்கள். அதில் குறை வைக்காதீர்கள். ஆனால் அவரைப் போல மட்டும் ஆகிவிடாதீர்கள். ஏன் என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் உங்கள் அப்பாவான நான் இதை எழுதுகிறேன்.

உங்கள் அக்கா பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது, மாமா கொள்ளேகாலிலிருந்து வந்து தன் பழைய லேப்டாப்பைச் சீராகக் கொடுத்தார். கையில் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் வைத்து, அவற்றின் மேல் லேப்டாப்பை வைத்து, பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"தாய்மாமன் இருக்கறப்ப புள்ளைக்கு என்ன குறைங்க? ஆனா கண்ணு, ஒண்ணு சொல்றேன். பென் டிரைவ் கிட்டயே கொண்டு போகாத. வைரஸ் ஏறிரும். அப்புறம் அதுல என்னோட ஃபோல்டர் ஒண்ணு இருக்கு, அதத் தொடாத."

ஜவுளிக் கடை அலுவலகத்தில் பில் அடிக்கிற வேலை அவருக்கு. கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்ததே தான்தான் என்கிற மாதிரி பேசுவார். உங்கள் அம்மாவும், "எங்கண்ணன் விஷயம் தெரியாம பேச மாட்டாரு" என்பாள். அக்கா அதை நம்பினாள். வரைந்த வீட்டு பிளான்கள், ப்ராஜெக்ட், எல்லாவற்றையும் அந்த ஒரு லேப்டாப்பிலேயே வைத்திருந்தாள். வேறெங்கும் ஒரு பிரதி கிடையாது.

தசராவுக்கு மாமா குடும்பத்தோடு வந்து நம் வீட்டில் தங்கினார். ஆயுத பூஜையன்று என் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், ஸ்கூட்டர், அம்மாவின் மிக்சி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். லேப்டாப்பை மூடி ஒரு ஓரமாக அக்கா வைத்திருந்தாள். மாமா அதை எடுத்து நடுவில் வைத்துத் திறந்தார். கீபோர்டு பொத்தான்களின் மேல் சந்தனம் குழைத்துப் பூசினார்.

"மாமா, மூடி மேல வச்சா போதும். உள்ள வேண்டாம்" என்றாள் அக்கா.

"சும்மா இரு புள்ள. நான் எத்தன கம்ப்யூட்டர் பாத்தவன்!"

தேங்காயை உடைத்தவர், தண்ணீரை டம்ளரில் பிடித்து எல்லா ஆயுதத்துக்கும் தெளித்தார். மிக்சிக்கு இரண்டு சொட்டு. லேப்டாப்பின் மேல் அவருக்குத் தனிப் பாசமோ என்னவோ, மிச்சத்தை அப்படியே கவிழ்த்துவிட்டார். திரை ஒருமுறை மினுங்கிவிட்டு அணைந்தது.

"காஞ்சா சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் யானை ஊர்வலம் பார்க்க இப்போதே இடம் பிடிக்கக் கிளம்பிப் போனார்.

காய்ந்தும் சரியாகவில்லை. தீபாவளிக்கு முன்னால் அக்கா ப்ராஜெக்ட்டை ஒப்படைத்தாக வேண்டும். அவளையும் லேப்டாப்பையும் நம் ஊர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கூட்டிப் போனேன். போர்டு போய்விட்டது, ஹார்ட் டிஸ்க் மட்டும் நன்றாக இருக்கிறது என்றார் கடைக்காரர். அவரிடமே டிஸ்க் இல்லாத பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. அதை வாங்கி நம் டிஸ்கைப் போடச் சொன்னேன். போட்டுத் திறந்தால் திரையில் ஒரு நீள எண்ணைக் கேட்டது.

"இது பூட்டின டிஸ்க் சார். பழைய லேப்டாப்புலயே இருக்கறவரைக்கும் தானாத் திறந்துக்கும். வேற லேப்டாப்புல போட்டா நம்பர் கேக்கும். முதல்ல யாரு பேர்ல அக்கவுண்ட் போட்டாங்களோ, அவங்க அக்கவுண்ட்ல அந்த நம்பர் இருக்கும். நம்பர் இல்லன்னா எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் இந்த டிஸ்க உபயோகிக்க முடியும்."

அழித்தால் அக்காவின் வேலை அத்தனையும் போய்விடும். முதலில் அக்கவுண்ட் போட்டவர் யார்? மாமா.

ஃபோன் செய்தேன். "அதெல்லாம் ஃபோன்ல சொல்ற விஷயமா மாப்ளே? செக்யூரிட்டி. நேர்ல வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கொள்ளேகால் பஸ் ஏறினோம். எங்களை உட்கார வைத்துவிட்டு, தெருவில் போனவர்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டு, "என் மருமக. என் லேப்டாப்லதான் படிக்கிறா. இப்ப நாந்தான் தொறந்து குடுக்கோணும்" என்று காட்டினார். நாங்கள் பொம்மைக் கொலு மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "மாமா, உங்க ஃபோன்ல அக்கவுண்ட்டுக்குள்ள போனா ரெண்டு நிமிஷத்துல வந்துரும்."

"எனக்கே பாடமா? அடுத்த வாரம் பாக்கலாம் போ."

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒருவன் தெரியாது என்று சொன்னால் அவனை மதிக்கலாம். முடியாது என்று சொன்னாலும் மதிக்கலாம். கையில் வைத்துக்கொண்டு, எதிராளி இன்னொரு தடவை கெஞ்சட்டும் என்று உட்கார்ந்திருப்பவனை என்ன செய்வது? அம்மா அண்ணனிடம் கெஞ்சினாள். ஃபோனில் சார்ஜ் இல்லை என்றார். நான் கெஞ்சினேன். வெளியே இருக்கிறேன் என்றார். மறுபடி கெஞ்சினேன். நெட் இல்லை என்றார்.

ஒருநாள் அக்கா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்கி, "அப்பா, அழிச்சிடலாம். நான் திரும்ப வரையறேன்" என்றாள். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்தாள்.

கடைக்காரர் டிஸ்கை அழித்து, தான் விற்ற லேப்டாப்பிலேயே மாட்டிக் கொடுத்தார். பென்சிலில் போட்டு வைத்திருந்த பழைய தாள்களைப் பார்த்துப் பார்த்து அக்கா எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைந்தாள். தினமும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்தாள். கண் சிவந்துபோய் ஒப்படைத்தாள். ஒரு வைரஸும் வரவில்லை.

தீபாவளி முடிந்த வாரம், கூப்பிடாமலே மாமா வந்து நின்றார். வேர்த்திருந்தது. ஃபோனை நீட்டினார்.

"நம்பர் எடுத்துட்டேன் கண்ணு. டிஸ்க எடு, தொறக்கலாம். எங்க சங்கத்து விழாவுல எனக்குச் சால்வ போட்டாங்கல்ல, அந்தப் படமெல்லாம் என் ஃபோல்டர்லதான் இருக்கு. பேனர் அடிக்கோணும், நாளைக்கே வேணும்."

அவருடைய சால்வை என்றதும் சார்ஜும் வந்துவிட்டது, நெட்டும் வந்துவிட்டது.

"டிஸ்க அழிச்சாச்சு மாமா" என்றாள் அக்கா.

"அழிச்சியா! யாரக் கேட்டு? என் சால்வ படம்!"

"பென் டிரைவ்ல ஒரு காப்பி வச்சிருப்பீங்கல்ல மாமா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். பிறகு தங்கையைப் பார்த்தார், அவளாவது தனக்காகப் பேசுவாள் என்று. அம்மா எழுந்து உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் தட்டு. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், அவற்றின் மேல் அந்தச் செத்த லேப்டாப். கீபோர்டு பொத்தான்களுக்கு நடுவில் சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"உங்க சீர் அண்ணா. பத்திரமா எடுத்துட்டுப் போங்க."