கண்ணீர் வராத அழுகை

கடந்த வருடம், கல்முனையில் வெயில் கொளுத்திய நாட்களில் நடந்தது இது. கணவர் கட்டாரில். வீட்டில் நானும் அவரின் தாயாரான மாமியும் ஒரு வயது மகளும்தான். மகளுக்கு வயிற்றோட்டமும் வாந்தியும். துணி மாற்றுவதும் கழுவுவதும் தோளில் போட்டு நடப்பதுமாக எனக்கு இரவு பகல் தெரியவில்லை. நான் கண்ணயர்ந்த நேரங்களில் மாமிதான் உப்புக்கரைசல் தூள் பக்கெட்டைக் கரைத்து ஊட்டினார்.

பிள்ளை தேறவில்லை. நாக்கு வறண்டு, கீச்சுக்குரலில் கத்திக்கொண்டே இருந்தது. மாமியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீண்ட வரிசை. பிள்ளையை மடியில் வைத்தபடி, உட்கார்ந்திருந்த வாங்கில் சரிந்துவிட்டேன். காலில் கட்டுப்போட்டிருந்த பக்கத்து ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்த அக்கா ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, புள்ள இவ்வளவு கத்துது, கண்ணுல ஒரு சொட்டும் வரல்லயே?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். கன்னம் காய்ந்து கிடந்தது. அடுத்தது அந்த அக்காவின் முறை. நொண்டிக்கொண்டே போய்க் கதவைத் தட்டினார். “எனக்கு முதல் இந்தப் புள்ளயப் பாருங்க.”

பக்கெட் கரைத்துக் கொடுத்ததைச் சொன்னேன். டொக்டர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பக்கெட்ட எவ்வளவு தண்ணில கரைச்சீங்க?” என்று கேட்டார்.

“ஒரு கிளாஸ்ல, டொக்டர்,” என்றார் மாமி. “சத்தி எடுக்கிற புள்ள. கொஞ்சமாக் குடிச்சாலும் சத்துப் பிடிக்கட்டுமெண்டு…”

ஒரு லீட்டரில் கரைக்க வேண்டியது அது. டொக்டர் ஏசவில்லை. இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இரத்தத்தில் உப்பு ஏறி, உடம்பின் நுண்ணிய கலங்களிலிருந்து தண்ணீரை இழுத்துவிட்டது என்றார். “அழுதாக் கண்ணீர் சுரக்கணும். சுரக்கிற கலத்திலயே தண்ணியில்லாட்டி எங்க இருந்து வரும்? உப்ப உடன இறக்கவும் ஏலாது. கலம் வீங்கினா மூளைக்கு ஆபத்து. மெதுவாத்தான் இறக்கணும்.”

அந்த ‘மெதுவாக’த்தான் எங்களைத் தின்றது. சேலைன் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மாமி ஒன்றும் சாப்பிடவில்லை; உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, தாதி சேலைன் ஊசியின் பிளாஸ்டரை உரித்தபோது பிள்ளை வீறிட்டது. கன்னத்தில் ஈரமாக ஒரு கோடு. மாமி விரலால் தொட்டுப் பார்த்தார். “அல்ஹம்துலில்லாஹ், மகள், கண்ணீர் வருது,” என்றவர் அப்படியே உடைந்து அழுதார். நான் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.

அந்த அக்காவின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். களைத்துப்போனால் சொந்தப் பிள்ளையின் முகம்கூடக் கண்ணில் படாது என்பதை அன்று கண்டேன். பக்கத்தில் இருப்பவரிடம் “ஒருக்காப் பாருங்களேன்” என்று கேட்க இப்போது நான் வெட்கப்படுவதில்லை.