மேளம் அடிக்காத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் தெருமுனையில் ஒரு குட்டி யானை சரக்கு வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு மேளம். வண்டி வந்து நின்று அரை மணி நேரம் ஆகியும் யாரும் இறங்கவில்லை. ஒருவர் மட்டும் பழக்கதோஷத்தில் தோலின் மேல் விரலால் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்தார்கள். பிறகு வண்டி பின்பக்கமாகவே நகர்ந்து, மீன் மார்க்கெட் பக்கம் திரும்பிப் போய்விட்டது. மூன்றாவது வீட்டு ஜன்னலில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்து நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் எங்கள் பக்கத்து வீட்டு மாமாவின் சாவுக்கு வந்தவர்கள். அவர்களைத் திருப்பி அனுப்பியவர் என் நைனா. மறுநாள் எனக்குப் பிளஸ் டூ கணக்குத் தேர்வு.

மாமா எங்களுக்கு ரத்த உறவு கிடையாது. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நைனாவும் அவரும் காசிமேட்டில் ஒரே விசைப்படகில் பதினைந்து வருடம் கடலுக்குப் போனவர்கள். மாமாவின் தம்பிதான் அந்தப் படகை ஓட்டுபவர். அவரை நான் சின்ன மாமா என்பேன். எங்கள் பக்கத்தில் ஒரு சாவு என்றால் ஊருக்கே தெரியவேண்டும். மேளம், வெடி, பூ, ஆட்டம் எல்லாம் இருக்க வேண்டும். அந்த ஆட்டத்தில் முதல் ஆளாக நிற்பவர் மாமா. வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணீர் ஒழுக ஒழுக ஆடுவார். ஆடி முடித்து வந்து நைனாவிடம் சொல்வார்: "மச்சான், நா போறப்ப தெருவே கிழியணும். எவனாவது சொம்மா அயுதுகினு நின்னான், நானே எயுந்து வந்து ஒதைப்பேன்." நைனா சிரிப்பார். "உனுக்கு மேள செட்டு வெக்கிறது என் பொறுப்புடா, மொதல்ல நீ சாவு" என்பார். இதை நான் குறைந்தது பத்து முறையாவது கேட்டிருப்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. அந்தத் தெருவில் வேறு எந்தப் பெண்ணும் அப்போது பிளஸ் டூவில் கணக்கு எடுத்திருக்கவில்லை. நைனாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் படித்தவர்கள் இல்லை. பரீட்சை எழுதும் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அங்கே இங்கே கேட்டதை வைத்துத் தாங்களாகவே சட்டங்கள் போட்டுக்கொண்டார்கள். ஜனவரியிலேயே டிவி ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிப் பரணில் போட்டார்கள். அம்மா இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை செய்தாள். வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். புத்தகத்தில் கவுச்சி வாடை ஒட்டினால் சரஸ்வதி வரமாட்டாள் என்று அவளாகவே ஒரு கணக்கு. நைனா மார்ச் மாதம் முழுக்கக் கடலுக்குப் போகவில்லை. மீன் பெட்டியைக் கவிழ்த்து வாசலில் போட்டு அதன் மேல் காவல் உட்கார்ந்திருந்தார். எங்கேயோ யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிக்கத் தனி அறை உண்டு, கதவைச் சாத்தினால் ஊசி விழுந்தாலும் கேட்குமாம் என்று. தனி அறை அவரால் தர முடியாது. அந்த ஊசி விழும் அமைதியையாவது தரலாம் என்று முடிவு செய்துவிட்டார். தெருவில் யார் குரல் உயர்ந்தாலும், "மெதுவா பேசு, புள்ள பட்ச்சிகினு கீது" என்பார்.

உண்மையில் எனக்குச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. ஐஸ் உடைக்கும் மெஷின், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன், தண்ணீர்க் குழாயடிச் சண்டை, இதற்கு நடுவில்தான் நான் பெருக்கல் வாய்ப்பாடு முதல் எல்லாமே படித்தேன். மாமா வேறு மாலை நேரங்களில் நடுச்சுவரில் விரலால் தாளம் போடுவார். "இன்னா கலெக்டரம்மா, உள்ள கீறியா? தூங்கிட்டியா?" என்பார். நான் பதிலுக்கு ஸ்கேலால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவேன். இதை நைனாவிடம் நான் சொல்லியிருக்கலாம். எனக்காக ஒருவர் தெருவையே அடக்கி வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. அதனால் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் துறைமுகத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை உடலை வீட்டு வாசலில் பந்தலுக்கடியில் வைத்திருந்தார்கள். மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது. மேள செட்டுக்குச் சின்ன மாமா சொல்லி வைத்திருந்தார். அவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நைனா சுவருக்கு அந்தப் பக்கம் போனார். அந்தச் சுவர் எதையும் மறைக்காது. எல்லாம் எனக்குக் கேட்டது.

"தங்கச்சி," என்றார் நைனா. மாமாவின் மனைவியான அத்தையை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "நாளைக்கி புள்ளைக்கு கணக்குப் பரீட்ச. மேளம் மட்டும் வேணாம்னு..."

சின்ன மாமாதான் கத்தினார். "இன்னா மச்சான் பேசறே? எங்கண்ணன் இன்னா அநாதப் பொணமா, சத்தமில்லாம எடுத்துகினு போறதுக்கு? உம் பொண்ணு பரீட்ச வருசா வருசம் வரும். எங்கண்ணன் சாவு இன்னோரு தபா வருமா? நீதான செட்டு வெக்கிறேன்னு அவனாண்ட வாய் கியிய சொன்னே?"

"சொன்னேன்," என்றார் நைனா. "சொன்னேன்தான்."

பிறகு அத்தையின் குரல், அழுது அழுது கம்மியிருந்தது. "வுடுப்பா. இந்தத் தெருவுல கணக்குன்னா இன்னான்னு யாருக்குனா தெரியுமா? அதுக்கு ஒண்ணுக்குத்தான் தெரியும். அது எயுதட்டும். இவுரு இருந்தாலும் சரின்னுதான் சொல்லிருப்பாரு."

மாமா அப்படிச் சொல்லியிருப்பாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வண்டி வந்தது, திரும்பிப் போனது. அதன் பிறகு எங்கள் தெருவில் வந்த அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஐஸ் மெஷின் ஞாயிறு என்பதால் ஓடவில்லை. வந்தவர்கள் எல்லோரும் கிசுகிசுப்பாகப் பேசினார்கள். புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் "இன்னா, செட்டு வரலியா?" என்று கேட்க, "புள்ள படிக்குதாம்" என்று யாராவது சொல்ல, கேட்டவர் என் ஜன்னலைத் திரும்பிப் பார்க்க, நான் தலையைக் குனிந்துகொண்டேன். வகைக்கெழுச் சமன்பாடுகள் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு வரி உள்ளே போகவில்லை. அத்தை மூக்கைச் சிந்துவது கேட்டது. மாமாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது யாரோ "இறுக்காத, மெதுவா" என்றது கேட்டது. மேளம் அடித்திருந்தால் இதெல்லாம் அதற்குள் மூழ்கிப்போயிருக்கும். நான் படிக்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியவேண்டுமே என்று பக்கங்களைச் சத்தமாகத் திருப்பினேன். அன்றைக்கு நான் செய்தது அது ஒன்றுதான். மூன்று மணிக்கு எடுத்தபோது செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஆடிப் பழகியவர்கள் கையையும் காலையும் என்ன செய்வதென்று தெரியாமல் பாடைக்குப் பின்னால் நடந்தார்கள். முன்னால் நைனா நடந்தார். அவர் திரும்பி என் ஜன்னலைப் பார்த்தபோது நான் இன்னொரு பக்கத்தைத் திருப்பினேன்.

மறுநாள் தேர்வு முடியும்வரை நைனா பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். மூன்று மணி நேரம். வெளியே வந்த என்னைக் கேள்வி கேட்காமல் பார்த்தார். "நல்லா எழுதிகீறேன் நைனா" என்றேன். பாதிக் கேள்விகளைத் தொடவே இல்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மச்சான் காப்பாத்திட்டான்" என்றார். அன்றுதான் அவர் முதன்முறையாக மாமாவுக்காக அழுதார். கேட்டுக்கு எதிரே, சைக்கிள் கடை ஓரமாக, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று.

மே மாதம் ரிசல்ட் வந்தது. மற்ற பாடங்களில் எண்பதுக்கு மேல். கணக்கில் ஐம்பத்திரண்டு. அரசு இன்ஜினியரிங் கல்லூரிக் கனவு அந்த எண்ணோடு முடிந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. நைனாவுக்கு எண் தெரியும், மீன் தராசுக்குப் பக்கத்தில் நின்று எடை சொல்பவர் அவர். ஆனால் ஐம்பத்திரண்டு போதுமா போதாதா என்பது தெரியாது. "பாதிக்கு மேலயே வந்துகீதே!" என்று அப்படி ஒரு சந்தோஷம். லட்டு வாங்கிக்கொண்டு நேராக அத்தை வீட்டுக்குப் போனார். "இது உம் புருசன் குடுத்த மார்க்கு தங்கச்சி" என்று சொன்னது சுவர் வழியாகக் கேட்டது. நான் ஸ்கேலை எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன்.

ஜூனில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பின. நைனா சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போனார் என்று நான் எடுத்துக்கொண்டு போனேன். துறைமுகத்தில் படகுக்குப் பக்கத்தில் நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். சின்ன மாமா கயிற்றை அவிழ்த்தபடியே, அவர் முகத்தைப் பார்க்காமல், "ஆளு ஃபுல்லாய்ட்ச்சி மச்சான்" என்றார். படகில் இருந்த ஒருவர் உதட்டில் விரலை வைத்து, "உஷ்! மெதுவா பேசுங்கடா, புள்ள படிக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, தூக்கை வாங்கிக்கொண்டு, "கடலு போதும்மா, முட்டி வலிக்குது" என்றார். அவருக்கு முட்டி வலி இருந்ததாக அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. அந்த வருடமே ஐஸ் பேக்டரியில் வாட்ச்மேன் ஆனார். வேறு எந்தப் படகிலும் போய் அவர் கேட்கவே இல்லை.

நான் பி.எஸ்சி. படித்தேன். இன்றைக்கு ஹார்பர் பக்கத்தில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கன்டெய்னர்களுக்கான காகிதங்கள் போடுகிறேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. இதற்கு நான் வெட்கப்படவில்லை. என் தலைமுறையில் இந்தத் தெருவிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவள் நான்தான், அதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. ஆனால் நைனா எனக்குத் தந்தது அவருடைய பொருள் இல்லை. மாமா பத்து வருடமாகக் கேட்டு வைத்திருந்ததை, அவர் செத்துக் கிடக்கும்போது எடுத்து எனக்குத் தந்தார். வாங்கிய நான் அதை வைத்து ஒன்றும் செய்யவில்லை. நைனாவோ இன்னும் ஒவ்வொரு மார்ச் மாதமும் யார் வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும் தாமாகவே போய் வாசலில் நிற்கிறார். "எம் பொண்ணுக்காக ஒரு சாவையே சத்தமில்லாம எடுத்தோம், தெர்மா?" என்று பெற்றோர்களுக்குச் சொல்கிறார். அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நான் அலுவலகப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.

இந்த மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். ரேஷன் கார்டில் பெயர் திருத்தும் மனு எழுத வேண்டும். எழுதிக் கொடுத்தேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அத்தை மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டும் எழுந்திருக்கவில்லை. அம்மாவைப் போலவே இறால் உரித்துப் புண்ணான விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். ஏழு வருடத்தில் அவர் அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சிக்க மாட்டியே கண்ணு?"

"கேளு அத்த."

"அன்னிக்கி படிக்க முட்ஞ்சிதா உனுக்கு?"

உண்மையைச் சொல்ல எனக்கு வாய்த்த ஒரே நேரம் அதுதான். அவர் முகத்தில் கோபம் இல்லை. குறை சொல்ல வந்தவர் போலவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"படிச்சேன் அத்த," என்றேன். "அன்னிக்கி படிச்சதுதான் பரீட்சைல அப்பிடியே வந்திச்சி."

அவர் நீண்ட மூச்சு விட்டார். "அது போதும் கண்ணு. மாமா கனவுல வந்துகினே கீறாரு. ஒண்ணும் கேக்க மாட்டாரு, வாசல்லயே நின்னுகினு மூஞ்ச பாத்துகினு இருப்பாரு. எனுக்கும் இன்னா சொல்றதுன்னு தெர்ல. இனிமே வந்தா சொல்லிட்றேன்."

முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, சுவரைப் பிடித்தபடி மெதுவாகத் தன் வீட்டுக்கு நடந்து போனார்.