யாருக்கும் சேராத நடுப்பலகை

பொங்கலுக்குச் சில நாள் முன்னால், பழவேற்காடு ஏரியில் என் செருப்பு நனைந்தது. ஏரியில் இறங்கினால் நனையாதா என்று கேட்பீர்கள். நான் இறங்கவே இல்லை. படகுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

கஸ்தூரி குனிந்து பார்த்தாள். கஸ்தூரி என்றால் என் மனைவி - வாராவாரம் நான் எழுதுவதைப் படிக்கிறவர்களுக்கு அவளைத் தெரியாமல் இருக்காது. காலுக்கடியில் கிடந்த மரச்சட்டங்களுக்குக் கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பெயின்ட் டப்பாவால் இறைத்துக்கொண்டே ஒரு வழியாகக் கரை சேர்ந்தோம்.

அது என் மாமனாரின் மரப்படகு. இந்தப் பக்கத்து வழக்கப்படி பிள்ளைகள் அவரை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஏரிக்கு அக்கரையில் அவருக்குக் கொஞ்சம் நெல் வயல் இருந்தது. உர மூட்டையைக் கொண்டுபோகவும், அறுத்த நெல்லை ஏற்றி வரவும் வாங்கிய படகு. அவர் போன பிறகு நிலம் பாகமானது. மூத்தவர் முனுசாமி விவசாயம் பார்க்கிறார். இளையவன் தசரதன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் பெயின்ட் செக்‌ஷனில் சூப்பர்வைசர். நடுவில் பிறந்தவள் கஸ்தூரி.

அவளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார்கள். நிலத்தில் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். நம் வீட்டுப் பெண்கள் இதை எந்தப் பேச்சும் இல்லாமல் செய்துவிடுகிறார்கள்... நாமும் அதோடு விட்டுவிடுகிறோம்.

சரி, நிலத்தைக் கூறு போடலாம். படகை எப்படிப் போடுவது?

போட்டார்கள்! படகின் நடுவில் நீளவாக்கில் ஒரு சுண்ணாம்புக் கோடு. இடப்பக்கத்தைப் பராமரிப்பது அண்ணன் பொறுப்பு, வலப்பக்கம் தம்பி பொறுப்பு. சண்டை போட்டுக்கொண்டு செய்த ஏற்பாடு இல்லை. யாருக்கும் மனக்கசப்பு வரக்கூடாது என்று இரண்டு பேருமாகச் சிரித்துப் பேசிச் செய்த ஏற்பாடு.

மரப்படகுக்கு வருஷம் ஒரு தரமாவது எதையாவது பூச வேண்டும். இல்லாவிட்டால் உப்புத் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து அதைத் தின்றுவிடும். சித்திரை வெயிலில் படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துக் காயப்போட்டு, அண்ணன் தன் பக்கத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெயைப் பூசுவார். மரம் குடிக்கக் குடிக்க மேலும் பூசுவார். கறுத்துப் போய், பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது. தம்பி இன்னொரு நாள் வருவான். தன் பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடிப்பான். அது கல்யாண மண்டபக் கதவு மாதிரி பளபளக்கும். இரண்டு சரக்கும் பழவேற்காட்டில் காதர் பாய் கடையில்தான் வாங்குவது. அவர் இருவரிடமும் ‘உங்களுதுதான் பெஸ்ட்டு’ என்று சொல்லி அனுப்புவார் என்பது வேறு விஷயம்.

இப்படி ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் பளபளப்புமாக அந்தப் படகு ஏரியில் போகும்போது பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். கஸ்தூரி மட்டும் சிரித்ததில்லை.

அவளுக்கு அந்தப் படகு வேறு. வருஷத்தில் ஒரு நாள், காணும் பொங்கலன்று, அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், நாங்கள் எல்லோரும் அதில் ஏறி அக்கரைக்குப் போவோம். நைனாவின் வயல் ஓரம் வேப்பமரத்தடியில் கட்டுச்சோறு. மற்ற நாளெல்லாம் அண்ணன் வீட்டுக்குப் போனால் அண்ணன், தம்பி வீட்டுக்குப் போனால் தம்பி. இரண்டு பேரும் ஒரே இடத்தில், தன் கண் முன்னால் இருப்பது அந்த ஒரு நாள்தான். அவள் அதற்காக மார்கழியிலேயே புளி ஊறவைக்க ஆரம்பிக்கிற ரகம்.

படகு ஒழுகுகிறது என்றதும் இருவரும் வந்தார்கள். அவரவர் பக்கத்தை அவரவர் தட்டிப் பார்த்தார்கள்.

“மாப்ள, என் சைடு நீயே பாத்துக்க. ஒரு பொட்டு ஈரம் கீதா?” என்றார் முனுசாமி.

இல்லை. தசரதன் பக்கத்திலும் இல்லை. பிறகு தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது?

இதற்குள் பேச்சு வேறு திசைக்குப் போய்விட்டது. பழைய படகோடு எதற்கு மாரடிப்பது, நான் தனியாக ஒரு ஃபைபர் படகு வாங்கிக்கொள்கிறேன் என்றார் அண்ணன். பரவாயில்லை, நான் ரோடு சுற்றிக்கொண்டு பைக்கிலேயே போய்விடுவேன் என்றான் தம்பி. ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபமே இல்லை. எவ்வளவு மரியாதை! கஸ்தூரியின் முகம்தான் வெளுத்துப் போனது. ஃபைபர் படகு ஒரு திசை, பைக் ஒரு திசை. இனிமேல் காணும் பொங்கலுக்கு யாரோடு போவாள்?

“மொதல்ல படகைக் கவுத்துப் போடுங்க” என்றாள்.

கவிழ்த்தார்கள். இடது பக்கம் கறுப்பு, கல் மாதிரி. வலது பக்கம் பளபளப்பு, கண்ணாடி மாதிரி. இரண்டுக்கும் நடுவே, முனையிலிருந்து முனை வரைக்கும் ஓடும் அடிப்பலகை மட்டும் வெளிறிப்போய், நரைத்துக் கிடந்தது. அண்ணன் அதில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது.

அந்தப் பலகைக்கு யாரும் ஒன்றுமே பூசவில்லை. பாகம் பிரிந்த வருஷத்திலிருந்து!

நான் முதலில் நினைத்தது என்ன தெரியுமா? இதுதான் அண்ணன் தம்பி லட்சணம், அவன் பூசட்டும் என்று இவரும், இவர் பூசட்டும் என்று அவனும் விட்டிருக்கிறார்கள் என்று. அப்படி இல்லை. முனுசாமி விரலைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“எண்ண பட்ட எடத்துல வார்னிஷ் புடிக்காது மாப்ள. உரிஞ்சுக்கினு வந்துரும். அவன் ஆசையா அடிச்சிக்கினு கீறான். நம்மளால எதுக்குக் கெடணும்னு ஒரு சாண் தள்ளியே நிறுத்திக்குவேன்.”

தசரதன் அவர் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் சொன்னான்.

“வார்னிஷ் வழிஞ்சி அந்தாண்ட போச்சுன்னா மரம் எண்ண குடிக்காது மாமா. அதான் டேப் ஒட்டிக்கினு இந்தாண்டயே நிறுத்திருவேன். அண்ணன் மனசு கஷ்டப்படும்ல?”

ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, விட்டுக்கொடுத்து... அந்த இடைவெளியில்தான் பலகை உளுத்திருக்கிறது.

உறவு கெடுவது சண்டையால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சண்டை போட்டவர்கள் என்றைக்காவது ஒரு நாள் நேருக்கு நேர் பேசித்தான் ஆக வேண்டும். ‘நமக்கு எதுக்கு, அவர் ஏதாவது நினைத்துக்கொள்வார்’ என்று ஒதுங்குகிறவர்களுக்கு அந்த அவசியமும் வருவதில்லை. புதுவாயலில் நான் டீ குடிக்கிற கடைக்கும் பக்கத்து மொபைல் கடைக்கும் பொதுவாக ஒரு படி இருக்கிறது. உடைந்து ரொம்ப நாளாகிறது. தான் கட்டினால் இடத்துக்கு உரிமை கொண்டாடுவதாகப் பக்கத்துக் கடைக்காரர் நினைத்துவிடுவாரோ என்று இரண்டு பேருமே என்னிடம் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். இருவரும் நல்லவர்கள்தான். கால் தடுக்கி விழுவது நாங்கள்.

ஆசாரி வந்து உளுத்த பலகையைக் கழற்றிப் புதுப் பலகை போட்டார். ஈரம் இருக்கும்போதே எதையாவது பூசினால் ஈரம் உள்ளேயே நின்று மறுபடி உளுக்கும், நன்றாகக் காயட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, இந்தக் காணும் பொங்கலுக்குப் படகு இல்லை. கவிழ்த்துப் போட்ட படகின் பக்கத்தில், கரையிலேயே உட்கார்ந்து கட்டுச்சோற்றைத் தின்றோம். அக்கரையில் நைனாவின் வேப்பமரம் சின்னதாகத் தெரிந்தது. கஸ்தூரி அதிகம் சாப்பிடவில்லை.

அப்போதுதான் அடுத்த கூத்து. புதுப் பலகைக்கு எண்ணெயா, வார்னிஷா?

தம்பி இஷ்டப்படி செய்யட்டும் என்றார் அண்ணன். அண்ணன் சொன்னால் சரி என்றான் தம்பி. இல்லையில்லை, நீ சொல். நீங்கள் சொல்லுங்கள். எனக்குப் பேஜாராகிவிட்டது. இவர்கள் இப்படியே விட்டுக்கொடுத்துக்கொண்டு போனால் புதுப் பலகைக்கும் அதே கதிதானே?

கஸ்தூரி கை கழுவிவிட்டு வந்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்:

“நடுப்பலகை யாருதும் இல்லல்ல? அது என் பாகம்.”

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் நினைத்தது பலகையை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். தண்ணீரில் கிடக்கிற பலகை, எண்ணெயே பூசுகிறேன் என்றாள். பிறகு முனுசாமி, “எண்ண நான் வாங்கியாறேம்மா” என்றார். அது கையில் பட்டால் தோல் வெந்துவிடும், கம்பெனியிலிருந்து நல்ல கிளவுஸ் கொண்டு வருகிறேன் என்றான் தசரதன்.

போன ஞாயிற்றுக்கிழமை பலகை காய்ந்திருந்தது. கஸ்தூரி கிளவுஸை மாட்டிக்கொண்டு பிரஷ்ஷை எடுத்தாள். நிதானமாகப் பூசினாள். மரம் குடித்தது. மறுபடி பூசினாள். இரண்டு பக்கமும் ஒரு சாண் வழியவிட்டே பூசினாள். வேண்டுமென்றேதான்.

தசரதன் பதறிப்போய், “அக்கா, என் வார்னிஷ் போச்சு” என்றான்.

“போவட்டும். அந்த எடத்துல சுரண்டி எடுத்துட்டு அண்ணன்கிட்ட கேட்டு எண்ண பூசு. மேல வெயில் படுற விளிம்புல எண்ண படல, அங்க நீ வார்னிஷ் அட்ச்சிக்கோ, அண்ணன் சைடுக்கும் சேத்து.”

சுரண்ட ஆரம்பித்தான். அண்ணன் எண்ணெய் டப்பாவோடு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இப்படி இல்லை, இந்த வாட்டத்தில் தேய்க்க வேண்டும் என்று அவர் சொல்ல, எனக்குத் தெரியும் என்று இவன் சொல்ல... அந்தக் குடும்பத்தில் அத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு வாய்ச்சண்டை! காதுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

நான் மட்டும் சும்மா நிற்பானேன் என்று கஸ்தூரியிடம் போய்ப் பிரஷ்ஷுக்குக் கை நீட்டினேன். நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க அப்படிப் போய் ஒக்காருங்க. இது எங்க நைனா ஊட்டு சொத்து.”